இடப்பக்கம் இழுத்த பிக்கப்

"…பின்ன என்னங்க சிங்கப்பூர்க்காரரே, நேராப் போகத் தெரியாத வண்டிய நம்பி நான் எப்படிப் பொண்ணக் குடுக்கிறது? இன்னிக்கு வாய்க்கால்ல விட்டான். நாளைக்கு எம் பொண்ண ஒக்கார வச்சுக் கெணத்துல விடமாட்டான்னு என்ன நிச்சயம்?"

இப்படிக் கேட்டுக்கொண்டே முத்தாயி அம்மாள் வாய்க்காலிலிருந்து கரையேறினார். கணுக்கால் மட்டும் சேறு. தலையில் சந்தைக் கூடை. வண்டி சாய்ந்த சாய்வில் என் சட்டைப்பையிலிருந்த மூக்குக்கண்ணாடி எங்கேயோ பறந்துவிட்டது. அவர் கூடையிலிருந்து ஒரு கத்தரிக்காய்கூடத் தவறவில்லை. நான் பிக்கப்பின் பின்பக்கத்தில் ஓர் ஆட்டுக்கல்லைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கேள்வி என்னைப் பார்த்துக் கேட்டதுதான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் வண்டிக்குள் ஸ்டியரிங்கின்மேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தான்.

நான் சிங்கப்பூர்க்காரன் இல்லை. மலாயாவில் தைப்பிங் என்ற ஊர்க்காரன். ஆனால் கப்பல் ஏறிப் பிழைக்கப் போனவன் எவனும் புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்களுக்குச் சிங்கப்பூர்க்காரன்தான். வந்த முதல் நாள் திருத்திப் பார்த்தேன். "அதான், சிங்கப்பூருக்குப் பக்கத்துல" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

ஊரிலிருந்து தங்கமும் பட்டும் வாங்கி வரச் சொல்லும் மனைவிமார்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வாய்த்தவள் கல் கேட்டாள். தைப்பிங்கில் விற்கிற ஆட்டுக்கல்லில் ஆட்டினால் மாவு பொங்குவதில்லையாம். உளுந்து பழசாக இருக்கும் என்றேன். "உளுந்த எதுக்குத் திட்டுறீங்க, கல்லுக்குக் கை வரல" என்றாள். அவள் பிறந்த ஊர் அரிமளம். அந்தப் பக்கத்துப் பாறையில் கொத்திய கல்லாக இருந்தால்தான் இட்லி இட்லியாக வருமென்று அவள் தீர்ப்புச் சொன்ன பிறகு, கடல் தாண்டி வருவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. கல்லுக்காகக் கப்பல் ஏறிய ஆள் என்று என்னை வழியனுப்ப வந்தவர்கள் சிரித்த சிரிப்பு நாகப்பட்டினம் வரை காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

கல்லை எடுத்துவரத் துணைக்கு வந்தவன் சுப்பையா. என் மனைவியின் சிற்றப்பா மகன். எனக்கு மாப்பிள்ளை, அவனுக்கு நான் மச்சான். சொந்தமாக ஒரு பிக்கப் வைத்திருந்தான். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்ட அமெரிக்க வண்டி, கை மாறிக் கை மாறி இவனிடம் வந்து சேர்ந்தது. பச்சைப் பெயின்டுக்கு அடியில் கதவில் இன்னும் ஒரு வெள்ளை நட்சத்திரம் மங்கலாகத் தெரியும். பர்மாவோ அஸ்ஸாமோ, எந்தக் காட்டில் பீரங்கிக் குண்டு சுமந்ததோ, இப்போது ஜெகதாப்பட்டினத்திலிருந்து உள்ளூர்ச் சந்தைகளுக்குக் கருவாடு சுமந்துகொண்டிருந்தது. வண்டி தெருவுக்குள் நுழையும் முன்பே அதன் வாசனை நுழைந்துவிடும். பின்னாலேயே ஊர்ப் பூனைகள். நான் போட்டிருந்த சட்டையைத் தைப்பிங்கில் மூன்று தடவை வெளுத்த பிறகும் என் மனைவி அதை மோந்து பார்த்து, "சுப்பையா சௌக்கியமா இருக்கானா?" என்று கேட்டாள்.

அந்த வாசனைதான் அவனுக்கு எமன். முப்பது வயது தாண்டியும் பெண் அமையவில்லை. வந்த இடமெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கடைசியில் திருவரங்குளத்தில் முத்தாயி அம்மாளின் மகள் செல்லம்மா. பெண் பார்க்கப் போனபோது இவன் வெட்கத்தை விட்டு, "கருவாட்டு வாடை ஒனக்குச் சரிப்படுமா?" என்று நேராகவே கேட்டிருக்கிறான். அவள் கதவுக்குப் பின்னாலிருந்து, "எனக்குக் கொழம்பு வைக்கத் தெரியும்" என்றாளாம். இதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பாஷை தெரியாத சீனனுக்குக்கூட விஷயம் விளங்கியிருக்கும்.

ஆக, பெண்ணுக்குச் சம்மதம், பையனுக்குச் சம்மதம். புருஷன் இல்லாமல் நிலத்தையும் மாட்டையும் தானே கட்டி ஆள்கிற முத்தாயி அம்மாள் வாயைத் திறந்து "சரி" என்று சொல்வதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் நாங்கள் கல்லை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டையிலிருந்து வரும்போது, சந்தையிலிருந்து நடந்து போய்க்கொண்டிருந்த அவரைப் பார்த்து சுப்பையா ஆசையாக வண்டியை நிறுத்தினான். நிறுத்தாமல் போயிருக்கலாம். முன்பக்கத்தில் அவரை உட்காரவைத்துக் கொஞ்ச தூரம் போவதற்குள் எதிரே ஒரு மாட்டுவண்டி. இவன் ஒதுங்கினான். ஒதுங்கிய வண்டி ஒதுங்கிக்கொண்டே போய் வாய்க்காலில் இறங்கிவிட்டது.

கரையேறிய அம்மாள் கூடையைத் தலையில் சரி செய்துகொண்டு தம் தீர்ப்பைச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை இதே வண்டியில் தம் வீட்டுக்கு வரவேண்டும். அவர் வீட்டுக்கு வழி கண்மாய்க்கரைமேல். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் பள்ளம். "அதுல நேரா வந்து சேர்ந்தா எலையப் போட்டு மேக்கொண்டு பேசுவோம். வரலைன்னா கவரப்பட்டியில ஒரு மாப்பிள்ளை கேட்டுக்கிட்டு இருக்காக. சைக்கிள்தான் வச்சிருக்காரு, ஆனா நேராப் போறாரு."

சொல்லிவிட்டுச் சேற்றுக் காலோடு நடந்தே போய்விட்டார்.

நான் தைப்பிங்கில் ஈயச் சுரங்கத்து லாரிகளைப் பார்க்கிற ஒரு சீன முதலாளியின் பட்டறையில் இருக்கிறேன். லாரி கழுவப் போய்ச் சேர்ந்தவன், காதால் கேட்டும் கையால் தடவியும் வேலை கற்றுக்கொண்டவன். பள்ளிக்கூடம் கொஞ்சம்தான். இதை நான் அரிமளத்தில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் வரகுச் சோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வருகிறேன், வாசலில் பாதி ஊர் நிற்கிறது. சிங்கப்பூர் மெக்கானிக் வண்டிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாராம்.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தைப்பிங்கில் ஒரு லாரி நின்றால் ஒருவன் வந்து பார்ப்பான், சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு போய்விடுவான். இங்கே அப்படி இல்லை. ஒவ்வொருவரும் தம் வீட்டுக் காரியம் போல யோசித்துக் கருத்துச் சொன்னார்கள். டயரில் காற்று ஒரு பக்கம் கம்மி என்றார் ஒருவர். ஆட்டுக்கல்லை இடப்பக்கம் வைத்ததுதான் என்றார் இன்னொருவர். சுப்பையா சோறு தின்னும்போதே இடப்பக்கம் சாய்ந்துதான் உட்காருவான், அந்தப் பழக்கம் வண்டிக்கும் தொற்றிவிட்டது என்றார் பக்கத்து வீட்டு அக்காள். இந்த மாதிரி பேச்சைக் கேட்பதற்கென்றே நான் இன்னொரு தடவை கடல் தாண்டி வருவேன்.

காற்றைப் பார்த்தேன், சரி. கல்லை இறக்கிவிட்டு ஓட்டினோம், அப்போதும் இழுத்தது. முன் சக்கரங்களை ஜாக்கி வைத்துத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன், பெரிய ஆட்டம் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தால் கால்வாசி சுற்று சும்மா சுற்றியது. பழைய வண்டிக்கு அது சகஜம். ஆனால் வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது ஒன்றும் செய்யாமல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியுமா? ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்கினேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன்.

சுப்பையா வண்டியை எடுத்தான். தெரு முனையில் திருப்ப வேண்டும். ஸ்டியரிங் அசையவில்லை. அவன் இரண்டு காலையும் ஊன்றி எழுந்து நின்று, சேற்றில் சிக்கிய மாட்டுவண்டியைத் தள்ளுகிறவன் மாதிரி முழு உடம்பையும் போட்டுத் தள்ளினான். வண்டி மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பிக் காப்பிக் கடைக் கீற்றுப் பந்தலின் ஒரு காலைச் சாய்த்துவிட்டு நின்றது. கடைக்காரர் வெளியே வந்தார். பந்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சிங்கப்பூர் ரிப்பேருங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பந்தலை நிமிர்த்திக் கொடுத்து, அங்கேயே ஒரு காப்பியும் குடித்தோம். சீனன் கடைக் காப்பி கறுப்பாக, கெட்டியாக, தார் மாதிரி இருக்கும். இங்கே பால்தான் அதிகம், காப்பித் தூளைத் தூரத்தில் நிறுத்திக் காட்டிவிட்டு எடுத்த மாதிரி. ஆனால் கடைக்காரர் எனக்கு மட்டும் சர்க்கரையை அள்ளிப் போட்டார். தோற்றுப் போனவனுக்குக் காட்டுகிற கருணை என்று புரிந்துகொண்டேன். திருகைப் பழைய இடத்துக்கே தளர்த்தினேன்.

அன்று சாயங்காலம் சுப்பையாவின் தகப்பனார் ராமையா மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். எல்லோரும் தேவையில்லாமல் குழம்புகிறார்களாம். காரணம் தமக்குத் தெரியுமாம். வண்டி வாங்கியபோது வழியிலிருக்கிற கருப்பருக்கு ஒரு கிடா தருவதாக வேண்டிக்கொண்டு, இன்றுவரை தரவில்லை. "புதுக்கோட்டை ரோட்டுல கருப்பர் எந்தப் பக்கம் இருக்காரு? எடது பக்கம். வண்டி எங்கிட்டு இழுக்குது? எடது பக்கம். வேற என்ன மாப்ளே வேணும்?"

மறுநாள் நாங்கள் மூவரும் கிடாவும் புறப்பட்டோம். கிடா பின்பக்கத்தில் நின்றுகொண்டு ஜில்லா கலெக்டர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தது. செம்மண் ரோடு. தைப்பிங் ரோடெல்லாம் தார் போட்டு மழையில் மினுங்கும், ரப்பர் மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வரும். இங்கே யாருக்கும் தூக்கம் வராது. பள்ளத்தில் விழுந்து எழுந்து, எங்கள் புருவமெல்லாம் சிவப்பாகிவிட்டது. கோயில் நெருங்க நெருங்க வண்டி இடப்பக்கம் இழுத்தது. மாமா என் தொடையில் தட்டினார்.

எனக்கு ஒரு யோசனை. கோயிலைத் தாண்டிப் போய், வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவோம் என்றேன். திரும்பி வரும்போது கருப்பர் வலப்பக்கம் வருவார். இழுக்கிறவர் அவர்தான் என்றால் வலப்பக்கம்தானே இழுக்க வேண்டும்?

திருப்பினோம். வண்டி முன்போலவே இடப்பக்கம், கோயிலை விட்டு விலகி, சோளக்காட்டைப் பார்த்து இழுத்தது. நான் மாமாவைப் பார்த்தேன். "கடனைக் குடுக்காம தாண்டிப் போயிட்டோம்ல. கோவிச்சுக்கிட்டு இப்பத் தள்ளி விடுறாரு" என்றார். இதற்கு எந்தப் பட்டறையிலும் பதில் கிடையாது.

கோயில் பூசாரி பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். சமஸ்தானம் இருந்த காலத்தில் ரோடு போடும் வேலையில் இருந்தவராம். வண்டியைச் சுற்றி வந்தார், டயரைக் காலால் உதைத்தார். பிறகு, "சாமி இழுத்தா வண்டி இப்படிக் கொஞ்சங் கொஞ்சமாவா இழுக்கும்? இது நம்ம டிப்பார்ட்மெண்டு இல்லைங்க" என்றார். மாமாவுக்கு அப்பாடா என்று இருந்தது. கிடாக் கயிற்றைப் பிடித்து வண்டிப் பக்கம் திருப்பினார். பூசாரி அந்தக் கயிற்றை நிதானமாக வாங்கிக்கொண்டார். "அது வேற, இது வேற. வேண்டுனது வேண்டுனதுதானே" என்றார்.

கறிச்சோறு அங்கேயே மரத்தடியில் நடந்தது. அவ்வளவு ருசியான தோல்வியை நான் பார்த்ததில்லை. ஆனால் சுப்பையா சாப்பிடவில்லை. இலையில் சோற்றை இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தான். "மச்சான், கவரப்பட்டிக்காரனுக்குச் சொந்த சைக்கிளாம். டைனமோ லைட்டு வேற வச்சிருக்கானாம்" என்றான். அதுவரை இந்த விஷயம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவன் சொன்ன விதத்தில் நானும் இலையை மடித்துவிட்டேன்.

எங்கள் சீன முதலாளி மலாய் மொழியில் அடிக்கடி ஒன்று சொல்வார். தமிழில் சொன்னால், "முதலில் டிரைவரைக் கழற்று, அப்புறம் வண்டியைக் கழற்று" என்று வரும். நான் வண்டியைக் கழற்றினேன், சாமியையே கழற்றப் பார்த்தேன், டிரைவரைத் தொடவில்லை. வியாழக்கிழமை காலையில் பனங்கிழங்கை உரித்துத் தின்றுகொண்டே சுப்பையாவிடம் கேட்டேன்: இது எப்போதிலிருந்து இழுக்கிறது?

அவன் தரையைப் பார்த்தான். "பொண்ணு பார்க்கப் போயிட்டு வந்ததுலேருந்து, மச்சான்."

பக்கத்தில் பல் குத்திக்கொண்டிருந்த மாமா, "அன்னிலேருந்து வண்டி என்ன, ஓட்டுறவனே ஒரு பக்கமாத்தான் இழுக்கிறான்" என்றார்.

நான் பனங்கிழங்கு நாரைத் துப்பிவிட்டு எழுந்து வண்டியைச் சுற்றி நடந்தேன். வலது முன்சக்கரத்துக்குப் பின்னால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் முஷ்டி முழுதாக நுழைந்தது. இடது பக்கம் போய் முஷ்டியை வைத்தேன். நுழையவில்லை. இரண்டு விரல்தான் போயிற்று. மாமாவிடம் மாட்டுக் கயிறு ஒன்று வாங்கி, வலது பக்கத்தில் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை இடது பக்கத்தில் வைத்தால் முடிச்சு சக்கரத்தைத் தாண்டி நாலு விரற்கடை வெளியே நின்றது.

மாமாவும் சுப்பையாவும் குனிந்து முடிச்சையே பார்த்தார்கள். நான் விளக்கினேன். மாட்டுவண்டியில் அச்சு கோணலாக நின்றால் என்ன ஆகும்? வண்டி கோணலாகத்தான் போகும். இதற்கும் அதே கதிதான். முன் அச்சு இடப்பக்கம் பின்வாங்கி நிற்கிறது. ஸ்டியரிங் என்ன செய்யும், பாவம்.

அடியில் படுத்துப் பார்த்தேன். அச்சை, வண்டியைத் தாங்கும் வில்லுப் பட்டையோடு சேர்த்து நகரவிடாமல் பிடித்திருக்கும் நடு போல்ட் இரண்டாக முறிந்து கிடந்தது. அச்சு நழுவிப் பின்னால் போன தடம் இரும்பில் பளபளவென்று தெரிந்தது. சாதாரணமாக முறிகிற போல்ட் இல்லை அது, கட்டைவிரல் மொத்தம். ஏதோ ஒன்று பின்பக்கமாகப் பிடித்து முரட்டுத்தனமாக இழுத்திருக்க வேண்டும். வண்டிக்கு அடியிலிருந்தே கேட்டேன்: "மாப்பிள்ளை, பெண் பார்த்த அன்றைக்கு என்ன நடந்தது?"

நடந்தது இதுதான். குழம்பு பதிலைக் கேட்ட சந்தோஷத்தில் இவன் வெளியே வந்து வண்டியை எடுத்தவன், எல்லோரும் பார்க்கிறார்களே என்ற பதற்றத்தில் நேரே கண்மாய்க்குள் மூக்கை விட்டுவிட்டான். முன்சக்கரம் முங்கச் சேறு. இருபது ஆள் தள்ளியும் அசையவில்லை. அப்போது முத்தாயி அம்மாள் வந்து ஆட்களை விலக்கிவிட்டு, தம் காளைகள் இரண்டையும் அவிழ்த்துக்கொண்டு வரச் சொன்னார். எங்கே கயிறு கட்டுவது என்று கேட்டார்கள். "வண்டின்னா அச்சுலதான கட்டுவாக?" என்றார். மாட்டுவண்டி சேற்றில் இறங்கினால் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள், செய்வதும் சரி. ஆகவே முன் அச்சில், வலப்பக்கம் தண்ணீருக்குள் இருந்ததால் இடப்பக்கத்து நுனியில் கயிற்றைக் கட்டி, பின்னாலிருந்து காளைகளை ஓட்டினார்கள். வண்டி வந்துவிட்டது.

"அச்சும் வந்துவிட்டது" என்றேன் நான்.

வண்டிக்கு என்ன நோவு என்று தெரிந்த சந்தோஷம் நிற்பதற்குள் அதைவிடப் பெரிய நோவு வந்து நின்றது. சுப்பையாதான் முதலில் வாயைத் திறந்தான். அந்தக் காளைகளை அத்தை பிள்ளை மாதிரி வளர்க்கிறாராம். வலத்து மாடு கொஞ்சம் மந்தம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டதற்காகக் கூடப்பிறந்த தம்பியோடு இரண்டு பொங்கலாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். "ஒங்க மாடுதான் என் வண்டியக் கெடுத்துச்சுன்னு அவுகட்ட யாரு மச்சான் சொல்றது?" மாமா உடனே, யாரும் சொல்லவேண்டாம், கிடா வெட்டியாயிற்று, கருப்பர்மேல் போட்டுவிடலாம், அவர் தாங்குவார் என்றார். எங்களுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

கொல்லுப்பட்டறை ஆசாரி புது போல்ட் அடித்துக் கொடுத்தார். முறிந்த துண்டு இரண்டையும் என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அச்சைச் சங்கிலியால் புளியமரத்தோடு பிணைத்து, சங்கிலிக்குள் கடப்பாரையைக் கொடுத்து முறுக்கி முறுக்கி முன்னால் கொண்டுவந்தோம். மரமும் கொஞ்சம் நகர்ந்தது என்று பக்கத்து வீட்டு அக்காள் சாட்சி சொன்னார். கயிற்றை வைத்து அளந்தோம். இரண்டு பக்கமும் முடிச்சு சரியாக நின்றது. பொழுதும் சாய்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சுப்பையா வேட்டியைத் துவைத்துக் கட்டி, நெற்றியில் எண்ணெய் வழியத் தலைவாரிப் புறப்பட்டான். முன்னால் அவன் பக்கத்தில் நான், பின்பக்கத்தில் மாமா, கையில் வெற்றிலைப் பாக்குத் தட்டு. கண்மாய்க்கரை ஏறும்வரை எந்த வில்லங்கமும் இல்லை. கரையின் அந்தக் கோடியில் முத்தாயி அம்மாள் நிற்பது தெரிந்தது. பின்னால் ஊர். பக்கத்தில் வாகை மரத்தில் கட்டியிருந்த காளைகள்.

கரைமேல் கொஞ்சம் போனதும் வண்டி வலப்பக்கம், பள்ளத்தைப் பார்த்து ஒதுங்க ஆரம்பித்தது. நேற்று கயிறு வைத்து அளந்த வண்டி. அச்சு சரி, போல்ட் புதுசு. பிறகு சுப்பையாவின் கையைப் பார்த்தேன். இத்தனை நாளாக இடப்பக்கம் இழுத்த வண்டியை வலப்பக்கம் பிடித்துப் பிடித்து ஓட்டிய கை, இன்றைக்கும் அதே பிடியில் வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நேரே பிடி என்றேன். "நேராத்தான் மச்சான் பிடிக்கிறேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் கைக்கு நேர் என்பது அதுதான்.

"கையை விடு மாப்பிள்ளை" என்றேன்.

"என்னது?"

"வண்டிக்குத் தெரியும். நீ விடு."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக் கண்ணையும் மூடிக்கொண்டான். கண்ணை மூடச் சொன்னவன் நான் இல்லை. பழைய பிக்கப் முதல் கியரில் உறுமிக்கொண்டு, பத்திரமாக, கரையின் நடுவிலேயே, நூல் பிடித்த மாதிரி நடந்து போயிற்று. எதிரே நின்ற ஊர் ஜனங்கள், மாப்பிள்ளை தங்களைக் கும்பிட்டுக்கொண்டே வருகிறார் என்று நினைத்து அவர்களும் கும்பிட்டார்கள்.

நிறுத்தி இறங்கினோம். முத்தாயி அம்மாள் வண்டி வந்த தடத்தைப் பார்த்தார், சுப்பையாவைப் பார்த்தார். "கைய விட்டுட்டுல்ல வந்தே?" என்றார். கோபமா ஆச்சரியமா என்று பிடிபடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன கோளாறு இருந்துச்சு, தம்பி?" என்று கேட்டார்.

மாமா முந்திக்கொண்டு கருப்பர், கிடா என்று ஆரம்பித்தார். "நான் சிங்கப்பூர்க்காரரக் கேட்டேன்" என்று அவரை நிறுத்தினார் அம்மாள். நான் பேச ஆரம்பித்தேன். யுத்தத்தைப் பற்றிச் சொன்னேன், பர்மாக் காட்டைப் பற்றிச் சொன்னேன், கருவாட்டு உப்பு இரும்பை எப்படி அரிக்கும் என்பதைப் பற்றியும் விஸ்தாரமாகச் சொன்னேன். எனக்குப் பேச வரும். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி, நான் கேட்டது சின்னக் கேள்வி" என்றார்.

அப்போது சுப்பையா குறுக்கே வந்தான். என் சட்டைப்பைக்குள் கையை விட்டு, முறிந்த போல்ட்டின் இரண்டு துண்டையும் எடுத்து அவர் கையில் வைத்தான். "ஒங்ககிட்ட மறச்சுட்டு ஒங்க பொண்ண நான் எப்படிங்க அத்தை கூட்டிட்டுப் போறது? அன்னிக்குக் கண்மாயிலேருந்து இழுத்தப்ப முறிஞ்சது. ஒங்க மாடு இழுத்த இழுப்புல அச்சே பின்னால போயிருச்சு."

மாமா வெற்றிலைத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எங்கள் காரியம் முடிந்தது, கவரப்பட்டி சைக்கிள்காரன் ஜெயித்துவிட்டான் என்றே நான் நினைத்தேன்.

அம்மாள் துண்டுகளைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். முறிந்த வாயைக் கட்டைவிரலால் தடவினார்.

"எம் மாடா இத ஒடச்சுச்சு?"

"ஆமாங்க அத்தை."

"எந்த ஊரு இரும்பு இது?"

இதற்கு நான் பதில் சொன்னேன். அமெரிக்கா இரும்பு, யுத்தத்துக்கென்றே தனியாகச் செய்தது, குண்டு சுமந்த வண்டி.

"அதக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, சிங்கப்பூர்க்காரரே. பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னார், சொன்னேன். துண்டுகள் கை மாறிக் கை மாறிக் கூட்டத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தன. அவற்றை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, அம்மாள் வீட்டுக்குள் போனார். திருநீற்றைக் குழைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வலத்து மாட்டின் நெற்றியில் பட்டையாக இட்டார். இடத்து மாட்டுக்கும் இட்டார். பிறகு வண்டியிடம் வந்து, பச்சைப் பெயின்டின்மேல் மூன்று விரலால் நீளமாக ஒரு பட்டை இழுத்தார். விரலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சுப்பையா நல்ல உயரம். தோளைப் பிடித்து அழுத்தி அவனைக் குனியவைத்து, மிச்சத்தை அவன் நெற்றியில் பூசிவிட்டார்.